ரூர்க்கியில் ஆற்றின் மேல் ஓடும் கங்கை

நேயர்களுக்கு வணக்கம்.

பாலம் என்றால் கீழே தண்ணீர் போகும், மேலே நாம் போவோம். உத்தராகண்டில் ரூர்க்கி ஊரை ஒட்டியுள்ள சோலானி பாலத்தில் கீழேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர். கீழே சோலானி ஆறு, மேலே கங்கைக் கால்வாய். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மாத்தூர் 1960களில் கட்டியது. சோலானியின் மேல் 1854 ஏப்ரலிலேயே தண்ணீர் விட்டுவிட்டார்கள்.

நான் பாசனப் பொறியாளனாக வேலை பார்த்தவன். பயிற்சிக்காக ரூர்க்கி போயிருந்தபோது, மாலையில் காலாற நடக்கப் போவது இந்தப் பாலத்துக்குத்தான். எல்லோரும் கரையில் உட்கார்ந்திருக்கும் பெரிய சிங்கச் சிலைகளைப் படம் எடுப்பார்கள். அழகான சிங்கங்கள்தான். ஆனால் பாலத்தின் பெருமை அங்கே இல்லை, மணலுக்கு அடியில் இருக்கிறது.

1837-38இல் கங்கை யமுனைச் சமவெளியில் கொடும் பஞ்சம். 8 லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் கங்கையிலிருந்து பெரிய கால்வாய் வெட்டும் யோசனை வலுத்தது. திட்டம் போட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி புரோபி காட்லி. ஹரித்வாரில் தண்ணீரை எடுத்தார். அங்கிருந்து ரூர்க்கி வருவதற்குள் நான்கு காட்டாறுகள் குறுக்கே வருகின்றன. ராணிப்பூர், பத்ரி ஓடைகளைக் கால்வாயின் தலைக்கு மேலே கடத்தினார். ரத்மாவு ஆற்றைக் கால்வாயின் மட்டத்திலேயே மதகு வைத்துக் குறுக்கே விட்டார். நான்காவதான சோலானிக்குப் பள்ளத்தாக்கே அகலம். அதனால் கால்வாயையே தூக்கிவிட்டார்! நாலு ஆற்றுக்கு மூன்று விதமான தீர்வு, எல்லாம் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்.

பாலத்துக்கு 15 வளைவுகள், ஒவ்வொன்றும் 50 அடி. மேலே இரண்டு வாய்க்கால், ஒவ்வொன்றும் 85 அடி அகலம். பத்தடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று போட்ட கணக்கு. இத்தனை பாரமும் ஆற்று மணலில் நிற்க வேண்டும், தோண்டினால் பாறை கிடைக்காது. சரி, என்ன செய்வது?

நம் ஊரில் மணற்பாங்கான இடத்தில் உறைகிணறு இறக்குவார்களே, அதே வேலைதான். 20 அடிக்கு 20 அடி, 20 அடி உயரம் என்று ஒரு பெரிய கட்டுமானக் கட்டி. அதற்குள் நான்கு கிணறுகள். கிணற்றுக்குள்ளிருந்து மணலை அள்ள அள்ள, கட்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தில் கூடுதலாக அள்ளி நிமிர்த்த வேண்டும். இந்நாட்டுக் கிணறு வெட்டிகளின் முறை இது என்பதை அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்புகளே ஒப்புக்கொள்கின்றன. கம்பெனி அதிகாரியின் பெயர் நிலைத்தது. கிணற்றுக்குள் இறங்கி மணல் அள்ளியவர் யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

இந்தக் கட்டுமானத்துக்கு மண் இழுக்க 1851 டிசம்பரில் ஒரு நீராவி ரயில் எஞ்சின் ஓடியது. பம்பாய் தானே ரயிலுக்கு ஒன்றே கால் வருஷம் முன்னால். இதைத்தான் இந்தியாவின் முதல் ரயில் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். சென்னைக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம். செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல 1837லேயே ரயில் பாதை போட்டாயிற்று.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், காட்லியின் கால்வாயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஹரித்வார் வரை மேலே போய்த் தலைமதகு வைத்ததால்தான் இத்தனை காட்டாறுகளைத் தாண்ட வேண்டி வந்தது, ஓட்டச் சரிவும் அதிகம் என்றார். காட்லியும் விடவில்லை, பதில் எழுதினார். சரிவு விஷயத்தில் காட்டன் சொன்னதில் உண்மை இருந்தது. வேகமான நீர் படுகையை அரித்தது, பிறகு திருத்த வேலைகள் நடந்தன. ஆனால், மேலிருந்து எடுக்கக் கூடாது என்ற பேச்சை அன்றே ஏற்றிருந்தால் சோலானி பாலமே இருந்திருக்காது. தப்பு என்று சொல்லப்பட்ட ஒரு முடிவின் விளைவாகத்தான் இப்படி ஒரு வேலை நமக்குக் கிடைத்திருக்கிறது. காட்டன் கட்சிக்காரனான எனக்கே இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டம்தான்.

பார்க்கப் போவதானால் இரண்டு முறை போங்கள். தண்ணீர் நிறைந்து ஓடும்போது ஒருமுறை. அப்புறம், தசராவை ஒட்டிக் கால்வாயை மூடிப் பராமரிப்பு வேலை பார்க்கும் நாட்களில் ஒருமுறை. அந்த நாட்களில் ஆற்றுக்குள் இறங்கி, வளைவுக்கு அடியில் நின்று மேலே பாருங்கள்.

வணக்கம்.