ஜப்பான் கார்: திரையையும் பொத்தானையும் கைக்குப் பழக்குவோம்

[காட்சி: வாசலில் நிற்கும் கொரோலா ஃபீல்டர். சாவியைத் திருப்பும் கை. ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறது.]

வணக்கம். ரங்கூனில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் குரல் பழக்கம். எங்கள் அம்மா ரொம்ப நாள், "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று அந்தப் பெண் வாழ்த்துகிறாள் என்றே நினைத்திருந்தார். உண்மையில் அவள் சொல்வது, "கார்டு போடவில்லை" என்று. ஜப்பானின் விரைவுச் சாலைகளில் சுங்கம் கட்ட இ.டி.சி. என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது கார்டைக் கேட்கிறது, அவ்வளவுதான். இங்கே அதற்கு வேலை இல்லை. வயரிங் தெரிந்த ஒருவரிடம் சொன்னால் பிளக்கைக் கழற்றிவிடுவார், குரல் நின்றுவிடும்.

[காட்சி: திரை முழுக்க ஜப்பானிய எழுத்து.]

அடுத்தது இந்தத் திரை. கார் வாங்கியதும் எல்லாரும் கேட்பது, "இதை இங்கிலீஷுக்கு மாத்த முடியுமா?" என்று. ஜப்பான் சந்தைக்கென்றே செய்த திரைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் வேறு மொழியே கிடையாது. இல்லாததைத் தேடி ஒரு பொழுதை வீணாக்க வேண்டாம். மூன்று சொல் போதும். 'மொதோரு' என்றால் பின்னால் போ. 'செத்தேய்' என்றால் செட்டிங். 'கென்ஸைச்சி' என்றால் இப்போது நிற்கும் இடம். மூன்றும் எப்படி இருக்கும் என்று திரையில் வட்டம் போட்டுக் காட்டுகிறேன், வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றதற்குப் போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து கேமராவைக் காட்டுங்கள். நான் அப்படித்தான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதி சன் வைசரில் செருகி வைத்திருக்கிறேன்.

கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதா? பழுது இல்லை, அது ஜப்பான் நேரம். சில பெட்டிகளில் நாம் திருத்தினாலும் ஜி.பி.எஸ். அதைப் பழையபடி மாற்றிவிடும். வரைபடமும் ஜப்பானுக்கு மட்டும்தான். வழி பார்க்கப் போனை ஒரு ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம் உதவாது என்று, அது இருக்கும் எஸ்.டி. கார்டை உருவி எறிந்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில டொயோட்டா பெட்டிகள் அந்தக் கார்டைக் கேட்டு அப்படியே நின்றுவிடும். கார்டு இல்லையென்றால் பாட்டும் இல்லை.

ரேடியோவில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானில் எஃப்.எம். 76-இல் தொடங்குகிறது, பழைய பெட்டிகள் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரங்கூனின் சிட்டி எஃப்.எம். நிலையம் 89.0 என்பதால் கேட்கும். அதற்கு மேலே உள்ள நிலையங்களுக்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஆன்டெனா வயரில் மாட்டுவார்கள். அது 20 குறைக்கும் வகை என்றால் 100.0-இல் இருக்கும் நிலையத்தை 80.0-இல் தேடுங்கள். எத்தனை குறைக்கும் என்று மாட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: ரிவர்ஸ் கியர். கேமரா படம், மேலே ஒரு வரி எழுத்து.]

புதுக் காரை ஷ்வே ஞாவ்பின் என்ற ஆலமரக் கோயிலுக்குக் கொண்டுபோய், மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டி வணங்குவது இங்கே வழக்கம். அங்கே ரிவர்ஸ் போட்டதும் திரையில் இந்த வரி வந்து நிறைய பேரைப் பயமுறுத்துகிறது. அது பழுது என்ற எச்சரிக்கை இல்லை. 'சுற்றிலும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறது, நல்ல சொல்தான்.

[காட்சி: மழை. முன் கண்ணாடி வெளுத்துப் போகிறது.]

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன். மழைக்காலத்தில் கண்ணாடி வெளுத்து, முன்னால் போகும் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) கூடத் தெரியாமல் போகும். போன ஜூலையில் தன்லின் பாலத்தில் எனக்கு அப்படி ஆனது. பக்கத்தில் மனைவி, பின்னால் இரண்டு பிள்ளைகள். கை நடுங்கிப் பட்டனையெல்லாம் அழுத்தினேன், இன்னும் மோசமானது.

முதலில் ஒரு விரலால் கண்ணாடியை உள்ளே தொட்டு இழுங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்ளே இருக்கிறது: நனைந்த உடை, நான்கு பேர் மூச்சு. கோடு விழவில்லை என்றால் அது வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஆவி உள்ளே என்றால் ஏசியைப் போடுங்கள். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும். காருக்குள் வளைந்து திரும்பும் அம்பு போட்ட பட்டன் எரிந்தால் அணையுங்கள், உள்காற்றே சுற்றக் கூடாது. பிறகு விசிறி வடிவக் கண்ணாடியில் மூன்று அலை மேலே போகும் பட்டனை அழுத்துங்கள், அதுதான் முன் கண்ணாடிக்கு. செவ்வகத்தில் அலை போட்டது பின் கண்ணாடிக்கு. இந்தப் படங்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி, ஐ.எஸ்.ஓ. 2575 என்ற தரப்படி வருபவை. எந்த எழுத்தும் தேவையில்லை.

ஆவி வெளியே என்றால் அன்று நான் செய்ததையே செய்யாதீர்கள். வெளிக்காற்று 26, 27 டிகிரி, அதில் ஈரம் நிரம்பி நிற்கிறது. உள்ளே ஏசியைக் குளிரக் குளிர வைத்துக் கண்ணாடிமேல் அடித்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பதுபோல் அதுவும் வேர்க்கும். வைப்பரை ஒரு தடவை ஓட்டுங்கள், தெளிந்துவிடும். அப்புறம் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுங்கள். அன்று பாலத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால் நிமிடத்தில் முடிந்திருக்கும்.

[காட்சி: வலப்பக்க ஸ்டீரிங், சாலையின் வலது ஓரம்.]

1970-இல் மியான்மர் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நம் கார்களின் ஸ்டீரிங் இன்னும் வலப்பக்கம்தான். அதனால் ஓட்டுபவர் சாலை ஓரத்தில், பக்கத்தில் இருப்பவர் சாலை நடுவில். முந்தும்போது எதிரே வருவது முதலில் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அவரைப் பாட்டு மாற்றச் சொல்லிவிட்டு முந்தாதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனாலும் இரண்டு விநாடியில் கார் 22 மீட்டர் தாண்டிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டால்தான் திரையில் வீடியோ வரும்; வண்டி ஓடும்போதே தெரிய அந்த வயரை மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள்.

[காட்சி: ஓட்டுநர் இருக்கையில் கண் மூடி உட்கார்ந்திருப்பவர்.]

ஞாயிற்றுக்கிழமை காரை வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணை மூடி உட்காருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: "ஏசி", "முன் கண்ணாடி", "உள்காற்று", "வைப்பர்", "நாலு பக்க இண்டிகேட்டர்". கை நேராகப் போய் விழும்வரை திரும்பத் திரும்பப் பாருங்கள். வைப்பர் இடக்கையில், இண்டிகேட்டர் வலக்கையில்.