ஸ்கிப் பெர்ட்மன்: பயிற்றுநரும் நிர்வாகியும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். அமெரிக்காவில் பேஸ்பால் தேசிய விளையாட்டாகப் போற்றப்பட்டாலும், கல்லூரி அளவில் கூட்டமும் பணமும் நெடுங்காலமாக அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போய்ச் சேர்ந்தன. பெரும்பாலான கல்லூரிகளில் பேஸ்பால் அணி என்பது செலவுக் கணக்கில் மட்டும் இடம்பெறும் ஒன்றாக இருந்தது. அந்த நிலையை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாற்றிக் காட்டியவர் ஸ்கிப் பெர்ட்மன். அங்கு 18 பருவங்கள் பேஸ்பால் பயிற்றுநராக இருந்த அவர், 2001 முதல் 2008 வரை அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கே இயக்குநராக விளங்கினார். அவரைப் பற்றிப் பேசுவோர் பயிற்றுநர் வாழ்வு வேறு, நிர்வாகி வாழ்வு வேறு என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதவிப் பெயர் பின்னால்தான் வந்தது. நிர்வாக வேலையை அவர் முதல் நாளிலிருந்தே செய்துகொண்டிருந்தார்.

1938இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த பெர்ட்மன், வளர்ந்தது ஃபுளோரிடாவின் மயாமி கடற்கரைப் பகுதியில். மயாமி பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடி, பிறகு மயாமி பீச் உயர்நிலைப் பள்ளியில் பயிற்றுநரானார். அந்தப் பள்ளிக்கு 1970இல் மாநிலப் பட்டமும் வாங்கித் தந்தார். ஆனால் அவர் தொழில் கற்ற இடம் என்று சொல்லத்தக்கது, 1976 முதல் எட்டுப் பருவங்கள் ரான் ஃப்ரேசரின் துணைப் பயிற்றுநராக மயாமி பல்கலைக்கழகத்தில் கழித்த காலம். ஃப்ரேசர் ஆட்டம் தெரிந்தவர்; ஆட்டத்தை விற்கவும் தெரிந்தவர். ஆடுகளத்தின் நடுவிலேயே மேசைகளைப் போட்டு, ஓர் இலைக்கு 5,000 டாலர் என்று விருந்து வைத்து அணிக்கு நிதி திரட்டியவர் அவர். 1982இல் மயாமி தேசியப் பட்டம் வென்றபோது பெர்ட்மன் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

பேட்டன் ரூஜ் நகரில் உள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1983இல் அவரை அழைத்துக்கொண்டது. தேசியப் பட்டத்தை முடிவுசெய்ய ஒமாஹா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு அந்த அணி அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. 1986இல் முதன்முறையாகப் போனது. அவர் காலத்தில் மொத்தம் 11 முறை போனது. 1991, 1993, 1996, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. ஐந்து முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து ஐந்து முறையும் வென்ற கணக்கு இது. பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அரங்கமான அலெக்ஸ் பாக்ஸில் காலியாகக் கிடந்த இருக்கைகள் நிரம்பின; 1996 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் கல்லூரி பேஸ்பாலில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடிய இடம் அதுவாகவே இருந்தது. முழு அணிக்கும் சேர்த்து 11.7 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகையை மட்டுமே பகிர்ந்து தரலாம் என்ற தேசியக் கட்டுப்பாடு ஒருபுறம் இருந்ததால், பாதியோ காலோ மட்டும் உதவித்தொகை பெற்றுக்கொண்டு வர நல்ல ஆட்டக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமானால், நிரம்பி வழியும் அரங்கைப் போல அவர்களை இழுக்கக்கூடியது வேறில்லை.

ஆட்டக்காரர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கற்பனை உண்டு. நீ மலை விளிம்பில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறாய். மேலே அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் கை கிழிந்து இரத்தம் வந்தாலும் விடமாட்டான் என்று இந்த அணியில் யாரை நம்புவாய்? என்னைக் கேட்டால் இந்தக் கேள்வி சற்று நாடகத்தனமானதுதான். ஆனாலும் அந்த அணியின் பேச்சுவழக்கில் அது நிலைத்துவிட்டது.

1996 ஜூன் 8 அன்று நடந்த இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் இந்த உரை முழுமையாகாது. எதிரணி, அவர் படித்து ஆடித் தொழிலும் பழகிய அதே மயாமி. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, இருவர் அவுட், மயாமி 8, லூசியானா 7, ரன் முடிக்க ஓர் ஓட்டமே மீதமுள்ள மூன்றாம் பேஸில் லூசியானாவின் ஒருவர் நிற்கிறார். மட்டை பிடிக்க வந்தவர் வாரன் மாரிஸ். மணிக்கட்டு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு அப்பருவத்தின் பெரும்பகுதியைத் தவறவிட்டவர். அந்த ஆண்டில் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் ஒன்றுகூட அடிக்காதவர். அன்றைய வரிசையில் ஒன்பதாவது ஆள். ராபி மாரிசன் வீசிய முதல் பந்தையே அவர் வலப்புறச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். மூன்றாம் பேஸில் நின்றவரும் அவருமாக இரண்டு ரன்கள் சேர, 9–8 என்று லூசியானாவின் வெற்றியோடு ஆட்டம் முடிந்தது. அடுத்த சில வாரங்களில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெர்ட்மன் பயிற்றுவித்த அமெரிக்க அணி வெண்கலம் வென்றபோது, அந்த அணியிலும் மாரிஸ் இருந்தார்.

870 வெற்றிகளோடு பயிற்றுநர் பணியை முடித்துக்கொண்டு இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு, இனி எல்லா விளையாட்டுக்கும் பணம் தேட வேண்டியிருந்தது. கால்பந்துப் பருவச் சீட்டு வைத்திருப்போர் சீட்டு விலைக்கு மேல் ஒரு நன்கொடையும் செலுத்தியாக வேண்டும் என்று அவர் கொண்டுவந்த ஏற்பாடு, தலைமுறையாக அதே இருக்கையில் அமர்ந்துவந்த குடும்பங்களைக் கொதிக்க வைத்தது. அவர்கள் மனக்குறையில் நியாயம் இருந்தது. ஆனால் அரங்கங்களைப் புதுப்பிக்கும் பணம் வேறு எங்கிருந்தும் வந்திருக்காது என்பதும் உண்மை. நிக் சேபன் விலகியபின் லெஸ் மைல்ஸைக் கால்பந்துப் பயிற்றுநராக அமர்த்தியவரும் அவரே. 2003, 2007 பருவங்களின் கால்பந்துத் தேசியப் பட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்த காலத்தவை. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, அவர் துறையின் கூடைப்பந்து அரங்கமே மருத்துவமனையாக மாறியது.

அவருக்கு மிகக் கடினமாக இருந்திருக்கக்கூடிய முடிவு பேஸ்பாலில்தான் வந்தது. தமக்கு அடுத்த பயிற்றுநராகத் தம் பழைய துணைவர் ஸ்மோக் லாவலை அவரே முன்னிறுத்தியிருந்தார். லாவல் 2003, 2004 இரண்டிலும் அணியை ஒமாஹாவுக்கு அழைத்துச் சென்றார். ஆயினும் 2006இல் தேசியச் சுற்றுக்கே தகுதி பெறாத நிலையில் விலக நேர்ந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து பால் மைனியரியைப் பெர்ட்மன் அழைத்துவந்தார். 2008இல் இயக்குநர் பதவியை விட்டு அவர் வெளியேறினார். அவர் காலத்தில் திட்டமிடப்பட்ட புதிய அலெக்ஸ் பாக்ஸ் அரங்கம் 2009இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மைனியரியின் அணி ஒமாஹாவில் ஆறாவது பட்டத்தை வென்றது.