தை பிறக்கும் வரை

(ஏற்காட்டில் ஓர் அறுப்பின் பண்டிகைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் சேகர ஆயர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பெண்கள் ஐக்கியத்துத் தாய்மார்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நடுவில் ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நின்று, முகம் வெளிறி வந்து சேர்ந்த பாடகர் குழுப் பிள்ளைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பாடம் சொன்ன தலைமையாசிரியர் ஐயா முதல் வரிசையில் இருக்கிறார். அவர் கையில் கடிகாரமும் இருக்கிறது. பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் இந்தக் குளிருக்கு அது உதவுவதால் சும்மா இருந்துவிட்டேன்.

மாறும் காலங்களில் மாறாத மகிழ்ச்சி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரியம் சொல்ல நினைத்து வந்தேன்: காலங்கள், கஷ்டங்கள், நம் பாடல்கள். பார்ப்போம்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை. இன்று காலையும் என் வீட்டம்மா, “மறுபடி அதையேவா?” என்றார். அதையேதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. அதிலிருந்து நமக்குத் தை என்றால் பழம் பறிப்பு, கையில் நாலு காசு. சரி, அப்புறம்? மாசியும் பங்குனியும் வரும். வெயிலில் இலை தொங்கிப் போகும். கணுவில் மொட்டு இறுகி உட்கார்ந்திருக்கும், திறக்காது. அப்படிக் கொஞ்ச நாள் காய்ந்த பிறகு, மொட்டைத் திறக்க வைக்கிற பூ மழை ஒன்று இறங்கினால், எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தோட்டமே வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் இரண்டு மூன்று நாள் நிற்கும். அந்தக் காய்ச்சல் படாத செடி இப்படி ஒருசேரப் பூக்காது. தோட்டக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆபகூக் தீர்க்கதரிசி இதைத்தான் வேறு தோட்டத்தில் நின்று சொல்கிறார். அத்தி துளிர்க்கவில்லை, திராட்சை இல்லை, ஒலிவம் இல்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. போனதையெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி வரிசையாக எழுதிவிட்டு, “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். எதையும் மறைக்கவில்லை, பாருங்கள். துக்க வீட்டில் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துத் திரும்புகிறவர்கள் அந்தப் பட்டியலை நாலு தடவை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, கஷ்டம். 2024 டிசம்பர் முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் எங்கோ புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, மழையை நம் தலையில் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் தெருவில் கரண்டும் இல்லை. நான் வாராவாரம் சேலத்துக்கு இறங்கிச் சாமான் வாங்குகிற ஆள். அந்த வாரம் இறங்கவில்லை. அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால், தட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது. இருட்டினதும் கதவை யாரோ தட்டினார்கள். பின்னால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிற அம்மா, பழம் பறிக்கப் போகிறவர். தலையில் உரச் சாக்கை மடித்துப் போட்டிருக்கிறார், முட்டி வரை சேறு. முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். கழுத்து வரை அரிசி.

“சார், வீட்ல அரிசி இருக்குதுங்களா?”

இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். உள்ளே என் வீட்டம்மா இருமினார். அந்த இருமல் எனக்குப் புரியும்.

விஷயம் என்னவென்றால், அந்த அம்மா பெயர் என் நோட்டில் இருந்தது. உதவி பெற வேண்டியவர்கள் என்று நானே தலைப்புப் போட்டு எழுதின பட்டியல். அவர் பறித்த பழம் களத்தில் நனைந்து கிடக்கிறது, நாலு நாளாகக் கூலி இல்லை. “கோயிலுக்குன்னு பிடி பிடியா எடுத்து வச்சதுங்க. கோயிலுக்குத்தான் வழி இல்லியே, பக்கத்துல குடுத்தா சாமி கோவிச்சுக்குமா?” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் என்னவென்று சொல்ல! பவுல் சிறையில் இருந்துகொண்டு சந்தோஷமாயிருங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதினது எனக்கு அன்றுதான் விளங்கியது. அரிசி கொஞ்சம் பழையது, வாசம் அடித்தது. மூன்று வேளை சாப்பிட்டோம்.

ஆகவே, ஆயர் ஐயா இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். கைப்பிடி அரிசியை ஏன் விட்டோம்? உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைத்து, ஞாயிறன்று கொண்டு வந்த சபைகளில் இப்போது கவரில் பணம் போட்டுக் கொடுக்கும் கவர் காணிக்கை மட்டும் நடக்கிறது. கவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறிப்பு முடிந்து, கூப்பிட ஆள் இல்லாத மாதங்கள் இருக்கின்றன. தை பிறந்தால் வழி பிறக்கும். ஆனியிலும் ஆடியிலும் மழைக்குள் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு அந்த வழி எட்டுவதில்லை. அதுவரைக்கும் இந்தப் பிடி அரிசி வேண்டும். ஊராட்சித் தலைவர் அம்மா தலையசைத்தார்கள், எல்லாரும் பார்த்தீர்கள்.

பாடல்களைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைமையாசிரியர் ஐயா கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டார். பின்பக்க மேசையில் பிடி அரிசி போட்டு வைக்க நாற்பது பாட்டில் கழுவிக் காயவைத்திருக்கிறோம். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், இந்த ஈரத்துக்கு வண்டு விழுந்துவிடும். காணிக்கைப் பொருள் ஏலத்தில் அந்தப் பெரிய வாழைத்தாரை யாரும் எனக்கு எதிராக ஏற்றிக் கேட்காதீர்கள்.