பை பிடிக்க ஆள் இல்லாத நாள்

வணக்கம் மக்களே. குரல் கரகரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், காலையிலிருந்து கத்தியதில் வந்தது. பின்னால் ஒரு முனகல் கேட்கிறதே, அது என் அண்ணி. முட்டிக்குக் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தைக் காட்டக் கூடாது, கதையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று உத்தரவு.

நானும் அண்ணியும் இன்று பினாங்கில், தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் என்ற தீம் பார்க்குக்குப் போனோம். எனக்கு 41, அவருக்கு 54. கூடப் பிள்ளைகள் யாரும் இல்லை. நேற்று அம்மாவிடம் சொன்னபோது, "பக்கத்து வீட்டுப் பையனையாவது கூட்டிட்டுப் போங்களேன், பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்கள் போல.

அண்ணி தீம் பார்க்குக்குப் புதியவர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் வளர்த்த காலத்தில் சன்வே லகூனுக்கு மட்டும் நான்கு முறை போயிருக்கிறார். அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு சிமெண்டுத் திண்ணை இருக்கு, நல்ல நிழல்" என்றார். அவ்வளவுதான் அவர் பார்த்தது. துண்டு, செருப்பு, கைப்பேசி, கண்ணாடி எல்லாம் மடியில் குவிந்திருக்க, நான்கு முறையும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். இப்போது மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான், மகள் சரவாக்கில் படிக்கிறாள். இனி யாருக்கும் பை பிடிக்க வேண்டியதில்லை என்று தோன்றித்தான் நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் மனிதர் பையோடுதான் வந்தார்! கொம்தாரில் 101 பேருந்துக்கு நிற்கும்போது திறந்து பார்த்தேன். நான்கு துண்டு, ஒரு டப்பா பிஸ்கட், பிளாஸ்டர், வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பை. "யாருக்கு அண்ணி இதெல்லாம்?" "தெரியலம்மா, கை தானா எடுத்து வச்சிருச்சு."

இனி என் முட்டாள்தனம். கூட்டம் இருக்காது என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பினாங்குப் பள்ளிகளுக்கு அன்று வேலை நாள்தானே என்று கணக்குப் போட்டேன். பக்கத்து மாநிலம் கெடாவை மறந்துவிட்டேன். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பாலத்தைத் தாண்டினால் பினாங்கு, பிள்ளைகளைச் சும்மா வீட்டிலா வைத்திருப்பார்கள்? வாசலிலேயே சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துக் குடும்பங்கள் குடும்பங்களாக நிற்கின்றன. கூட்டம் வேண்டாம் என்றால் செவ்வாய், புதன் பாருங்கள், அதுவும் பள்ளி விடுமுறை இல்லாத வாரமாக.

எஸ்கேப் 2012-ல் திறந்தது. பினாங்குக்காரர் சிம் சூ கெங் உருவாக்கியது. வெளிநாடுகளில் நீர்ப் பூங்காக்கள் கட்டியவர். இங்கே பெரும்பாலும் உங்கள் கைகால்தான் இயந்திரம், மீதி புவியீர்ப்பு. கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும், மரத்துக்கு மரம் தாண்டவேண்டும், மேலேயிருந்து குதிக்கவேண்டும். திண்ணைக்காரர்களுக்கு ஏற்ற இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது அங்கே இருக்கும் நீளமான நீர்ச் சறுக்குக்காக. 1,111 மீட்டர். 2019-ல் கின்னஸ் சாதனையில் ஏறியது. அதற்கு முன் சாதனை ஜெர்மனியில் இருந்த 356 மீட்டர் சறுக்கு, அதாவது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேபிளில் தொங்கும் நாற்காலியில் மலைமேல் ஏறி, ரப்பர் மிதவையில் உட்கார்ந்து காட்டுக்குள் இறங்கவேண்டும்.

வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று சலித்துக்கொள்ளும் முன் ஒரு கணக்கு. ஒரு மிதவை போதிய தூரம் போன பிறகுதான் அடுத்ததை விடமுடியும், இல்லையென்றால் வளைவில் இடித்துக்கொள்வார்கள். அரை நிமிடத்துக்கு ஒருவர் என்று வைத்தால் மணிக்கு 120 பேர். உங்களுக்கு முன் 100 தலை இருந்தால் 50 நிமிடம், யார் நினைத்தாலும் குறைக்கமுடியாது. பிள்ளைகளுக்குப் பசி எடுத்து எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில் வரிசைக்கு வாருங்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான், நம் பசியை நாமே தள்ளிப்போடலாம்.

இந்த வரிசைக் காட்சி எதுவும் படத்தில் இருக்காது. மற்றவர்கள் பிள்ளைகள் நீச்சல் உடையில் நிற்கிற இடம், அங்கே நான் கேமராவைத் திறக்கமாட்டேன். நம்மைப் போல் தனியாக வரும் பெரியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளின் குளத்துக்குள் நாமும் இறங்கி இடத்தை அடைத்துக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது. மற்றபடி எங்களை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை, ஒரே ஓர் ஆளைத் தவிர.

அந்த ஆளுக்கு எட்டு வயது இருக்கும். எங்களுக்கு முன்னால் அப்பாவோடு நின்றான். திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டான்: "ஆண்ட்டி, உங்க பிள்ளைங்க எங்க?"

"ஒருத்தன் ஜொகூர்ல, ஒருத்தி சரவாக்ல."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப உங்கள யாரு கூட்டிட்டு வந்தா?"

அண்ணி என்னைக் காட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தான், ஏதோ திருப்தி போல. அப்புறம் தன் முழங்கையில் இருந்த சிராய்ப்பைக் காட்டினான். பிளாஸ்டர் பையில், பை லாக்கரில். வாழ்க்கையில் முதல் முறையாகப் பையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அப்போது பார்த்து ஒரு பிள்ளை வந்து கேட்கிறது. அண்ணியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

சறுக்கு எப்படி? ஏறக்குறைய நான்கு நிமிடம் இறங்கினோம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 17 கிலோமீட்டர் வரும், சைக்கிள் வேகம்தான். ஒரேயடியாகத் தலைகீழாக விழுகிற பயம் இதில் இல்லை. மரங்கள் மேலே ஓடுகின்றன, தண்ணீர் முதுகில் சில்லென்று இருக்கிறது, ஒரு வளைவு முடிந்ததும் இதுதான் கடைசி என்று நினைப்பீர்கள், இல்லை. பாதியில் எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. அண்ணி எனக்குப் பின்னால் வந்தார், சத்தமே இல்லை. பயந்துவிட்டாரோ என்று கீழே காத்து நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். "கத்தலாம்னு தெரியாதே" என்றார்.

இரண்டாம் முறை போனோம். இந்த முறை அவர் கத்தியது எனக்கு முன்னால் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மதியத்துக்குமேல் கயிற்றுப் பாதையில் ஏறியதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மூன்றாவது மரத்தில் என் கால் நடுங்கியது, இறங்கிவிட்டேன். முட்டி வலி அண்ணிக்கு அங்கேதான் வந்தது, ஆனால் அவர் முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

பருத்தி டீசட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாது, முறையான நீச்சல் உடை வேண்டும். அண்ணி உடம்புக்கு ஏற்ற முழுக்கை உடை ஜோர்ஜ்டவுனில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், இன்று என்னுடையதைப் போட்டு மூச்சு விடாமல் இருந்தார். அடுத்த மாதமும் வருவாராம். சின்னப் பையாக எடுத்து வருகிறேன் என்கிறார். பிளாஸ்டர் மட்டும் இருக்குமாம்.