மழை மாசத்துல கோல்ஃப் பயிற்சி: வீட்ல வலை (நெட்) கட்டலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். குன்னூர்ல இருந்து ஒரு ஐயா அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "ரிட்டயர் ஆனப்புறம் கோல்ஃப் பழகினேன். ஹேண்டிகேப் 22, அதாவது 18 ஹோலுக்குக் கணக்குக்கு மேல 22 அடி போல எடுப்பேன். ஊட்டிக்கு வந்துதான் ஆடறேன். ஜூன்ல மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் ஆட்டம் நின்னு போகுது. திரும்ப வந்து நின்னா பந்தே சரியாப் படமாட்டேங்குது. கார் ஷெட்டுல நெட் கட்டி தினமும் நூறு பந்து அடிக்கலாம்னு இருக்கேன். பிரயோஜனம் இருக்குமா?"

நெட் கட்டுங்க ஐயா, வேண்டாங்கல. ஆனா நூறு பந்து வேண்டாம். நெட்ல அடிச்சா பந்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாது. சத்தம் நல்லா வந்தா நல்ல அடின்னு நினைச்சுக்குவோம். உங்களுக்குப் பந்து வெளிப்பக்கமா வளைஞ்சு போற ஸ்லைஸ் இருந்தா, தினமும் நூறு ஸ்லைஸ் அடிச்சு அதைக் கெட்டிப்படுத்தறீங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, கீழே மேட் போடுவீங்க இல்லையா? பந்துக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி கிளப், அதான் அடிக்கிற மட்டை, விழுந்தாலும் மேட்ல வழுக்கிப் போய் பந்தைத் தட்டிடும். உங்களுக்குக் கையில ஒண்ணும் தெரியாது. அதே அடியை ஜூலைல நனைஞ்ச ஃபேர்வேல, அதான் குட்டையா வெட்டின புல்லுல, அடிச்சுப் பாருங்க. ஒரு கூடை மண்ணு பறக்கும், பந்து இருபது கெஜம் போகும். அதனால மேட்ல அடிக்கிறதா இருந்தா, பந்துக்கு நாலு விரல்கடை பின்னாடி ஒரு துண்டை மடிச்சுப் போடுங்க. துண்டுல படாம பந்தை எடுக்கணும். முப்பது பந்து போதும்.

ஆனா நான் முக்கியமாச் சொல்ல வந்தது வேற. இந்த மழை மாசத்தைப் பழசை மறந்துடாம காப்பாத்தற காலமா நாம நினைக்கிறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. எதையாவது மாத்தணும்னா வருஷத்துல இது ஒண்ணுதான் நேரம். கிரிப்பையே, அதான் கிளப்பைப் பிடிக்கிற விதத்தையே, எடுத்துக்குங்க. வலது கைக்காரர்னு வெச்சுக்கறேன். குனிஞ்சு பார்த்தா இடது கையில ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரியுதுன்னா, ரெண்டரை முட்டி தெரியற மாதிரி கையைத் திருப்பி வைக்கச் சொல்லுவேன். ஸ்லைஸ் போடறவங்கள்ல பாதிப் பேருக்கு விஷயம் அங்கதான் இருக்கு. திருப்பி வெச்ச உடனே கை உங்களோடதே இல்லாத மாதிரி இருக்கும், பந்து இடது பக்கம் ஓடும். ஏப்ரல்ல இதைச் செஞ்சா என்ன ஆகும்? ஞாயித்துக்கிழமை நாலு பேரோட ஆடறீங்க, பந்தயம் ஒரு டீயும் பன்னும்தான், ஆனாலும் மூணாவது ஹோல்லயே பழைய கிரிப்புக்குப் போயிடுவீங்க. தோக்க யாருக்குங்க பிடிக்கும்? ஜூலைல ஸ்கோர் கார்டே கையில இல்லை. பந்து எங்க போனாலும் கேக்க ஆள் இல்லை. அதனால மாத்தற வேலையை அப்ப வெச்சுக்குங்க. அதுவும் ஒண்ணே ஒண்ணு. கிரிப்பு, நிக்கற விதம், பேக்ஸ்விங்னு மூணையும் சேர்த்துத் தொட்டீங்கன்னா செப்டம்பர்ல எதுவும் மிஞ்சாது.

கிளப்பை டிவி பக்கத்துலயே வெச்சிருங்க. விளம்பரம் வரும்போதெல்லாம் எடுத்து, புது கிரிப்புல பிடிச்சு, கீழே வைங்க. பந்தே வேண்டாம். நெட்ல இடுப்பு உயரத்துல இருந்து இடுப்பு உயரம் வரைக்கும், அரை ஸ்விங் மட்டும். முழு ஸ்விங் கடைசி மாசத்துல வந்தாப் போதும்.

பட்டிங்கை, அதான் பந்தைக் குழிக்குள்ள உருட்டறதை, வீட்லயே பாத்துக்கலாம். கிரீனுக்கு, அதான் குழி இருக்கற வழவழப்பான புல்லுக்கு, வந்து ரெண்டு பட்ல முடிச்சாலே 18 ஹோலுக்கு 36 அடி ஆயிடுது, 22 ஹேண்டிகேப்ல அது பெரிய பங்கு. பட்டர், அதான் உருட்டற கிளப், அதோட தலை நுழையற அளவுக்கு ரெண்டு டம்ளரை வெச்சு, நடுவுல இடிக்காம அடிச்சுப் பழகுங்க. தூரத்தை மட்டும் கார்ப்பெட்ல பழகாதீங்க, கிரீனோட வேகம் வேற.

இன்னொரு விஷயம் ஐயா. நீங்க குன்னூர்ல இருக்கீங்க. ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் பெரிய மழை. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, ஞாபகம் இருக்கும். உங்க குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய மழை அக்டோபர், நவம்பர்லதான். அதனால ஜூலைல ஊட்டி மூடிக் கிடந்தாலும் உங்க பக்கத்து வெலிங்டன்ல ஆடற மாதிரி நாளு கிடைக்கும். இல்லையா, கோயம்புத்தூர் இறங்குங்க. அங்க அப்ப மழை கம்மி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மட்டும் தள்ளும். ஒண்ணு கவனிங்க: ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, காத்து லேசு, பந்து தூரம் போகும். இங்க ஊட்டியில ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்புல 150 கெஜம் போற பந்து கோயம்புத்தூர்ல 140 கிட்டதான் விழும். ஆட்டம் போயிடுச்சுன்னு பயந்துடாதீங்க, ஏழுக்குப் பதிலா ஆறாம் நம்பரை எடுங்க.

ஈரத்துல ஆடும்போது ரூலையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, நிறையப் பேர் சும்மா அடி இழக்கறாங்க. பந்து விழுந்த குழியிலயே மண்ணுல புதைஞ்சிருந்தா, பங்கர் (மணல் குழி), குளம் ஓடைன்னு குறிச்சு வெச்ச பெனால்டி ஏரியா, இது ரெண்டையும் தவிர மத்த இடத்துல அபராதம் இல்லாம எடுத்துப் பக்கத்துல ட்ராப் பண்ணலாம், அதான் கையில இருந்து கீழே விடலாம், ரூல் 16.3. தேங்கின தண்ணியில நிக்க வேண்டி வந்தாலும் அப்படித்தான், அது 16.1. ஆனா பந்தைத் துடைச்சு நல்ல புல்லுல வெக்கற 'ப்ளேஸிங்' இருக்கே, அது கமிட்டி அறிவிச்சிருந்தா மட்டும்தான். அதுவும் ஃபேர்வே உயரத்துக்கு வெட்டின புல்லுல. மழை பெஞ்சாலே ப்ளேஸிங்னு நாமளே முடிவு பண்ணிடறோம், நம்ம ஊரு பழக்கம் அது.

மழை முடிஞ்சா நமக்கு இன்னொரு சீசன் இருக்கு, உறைபனி. டிசம்பர், ஜனவரியில காலைல தலைக்குந்தா பக்கம் பார்த்தீங்கன்னா புல்லு பூரா வெள்ளை. அப்ப ஆறரை மணிக்கு வந்து, ஏன் உள்ள விடலைன்னு கிரவுண்ட்ல வேலை செய்யறவங்ககிட்ட சத்தம் போடாதீங்க, ப்ளீஸ். உறைஞ்ச புல்லுக்குள்ள இருக்கற தண்ணி ஐஸா இருக்கும். மிதிச்சா செல்லு உடைஞ்சு போகும். அன்னைக்குத் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு உங்க கால் தடம் பழுப்பா அப்படியே நிக்கும். குளிர்ல புல்லு வளரவும் வளராது, ஆற வாரக்கணக்கா ஆகும். வெயில் ஏறி பனி உருகட்டும், அதுவரைக்கும் தோளைச் சுழட்டி உடம்பைச் சூடு பண்ணுங்க. விறைச்ச உடம்போட டிரைவரை, அதான் ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய கிளப்பை, வீசித்தான் அறுபது வயசுல இடுப்பு பிடிச்சுக்குது. கிரீன்ல பட் போற வழியில இருக்கற பனியைக் கையால தள்ளவும் கூடாது, ரெண்டு அடி அபராதம். பந்தை ஃபிளாஸ்க்ல போட்டுச் சூடு பண்ணி எடுத்துட்டு வர்ற ஒருத்தரை எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன். போட்டியில அப்படி அடிச்சா வெளியவே அனுப்பிடுவாங்க.

கையுறை நனைஞ்சா அடுப்புப் பக்கத்துல காயப் போடாதீங்க, தோல் வெடிச்சுடும். நிழல்ல காத்தாட விடுங்க. கிளப் கைப்பிடியில இருக்கற ரப்பரை (அதையும் கிரிப்புனுதான் சொல்றோம்) வெதுவெதுப்பான தண்ணி, சோப்புல தேய்ச்சுக் கழுவினாலே பாதிப் பேருக்குப் புது கிரிப் செலவு மிச்சம்.

ஐயா, நெட் கட்டறதுக்கு முன்னாடி உங்க கிரிப்பை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. முன்னாடி இருந்து எடுக்கணும், கிளப் தலை தரையில இருக்கணும். பார்த்துட்டு எத்தனை முட்டின்னு சொல்றேன். அடுத்த கேள்வி கொடைக்கானல்ல இருந்து, ஃபேர்வேல காட்டெருமை படுத்திருந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க...