ஈயின் காலில் முளைத்த கண்

நண்பர்களே, வணக்கம்.

பழ ஈயில் ‘ஐலெஸ்’ என்றொரு மரபணு உண்டு. அது பழுதானால் ஈயின் கண் சிறுத்துப்போகும். சிலவற்றுக்குக் கண்ணே இருக்காது. 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெரிங்கின் குழு, ஈ இன்னும் புழுவாக இருக்கும்போதே, காலும் இறக்கையும் உருவாக வேண்டிய திசுக்களில் அந்த மரபணுவை வேலை செய்ய வைத்தது. வளர்ந்த ஈக்களின் காலில், இறக்கையில், உணர்கொம்பில்கூடச் சிவப்பாகக் கண் முளைத்திருந்தது. லென்ஸ், நிறமி, ஒளியுணரும் செல்கள் எல்லாம் வரிசையாக அமைந்த கூட்டுக்கண்!

அதோடு அவர்கள் விடவில்லை. ஐலெஸ்ஸுக்கு இணையாக எலியில் இருப்பது பாக்ஸ்-6. அதை எடுத்து ஈக்குள் வைத்தார்கள். அப்போதும் கண் வந்தது. எலிக்கண்ணா? இல்லை, ஈயின் கண்தான். எனக்கு இந்த ஆய்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ‘இங்கே கண் உருவாகட்டும்’ என்று தொடங்கிவைப்பதுதான் இங்கே பாக்ஸ்-6இன் வேலை. எப்படிப்பட்ட கண் என்பதை அந்தந்த உயிரின் மற்ற மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஈயின் வழியும் எலியின் வழியும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆணை மாறவில்லை.

சரி, ஏன் இரண்டு கண்? கருவில் முதலில் இருப்பது ஒரே கண்பகுதி. ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் சமிக்ஞை நடுவில் பாக்ஸ்-6ஐ அடக்குவதால் அது இரண்டாகப் பிரிகிறது.

நமக்கு பாக்ஸ்-6 இருப்பது 11ஆம் குரோமோசோமில், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. பல மரபணுக்களில் இந்த இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். இதில் அது நடக்காது. பாதி அளவுப் புரதம் போதாமல், கண்மணியைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் சரியாக உருவாவதில்லை. இதுதான் அனிரிடியா. வெளிச்சம் கூசும், விழித்திரையின் மையம் முழுதாக வளராது, பின்னாளில் கண் அழுத்தமும் புரையும் வரலாம். எலிகளில் பாக்ஸ்-6 அளவு கூடினாலும் கண் கெடுகிறது.

பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாக்ஸ்-6க்கு அருகிலேயே டபிள்யூடி-1 என்ற மரபணு இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே விடுபட்டிருக்கும். அவர்களுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் புற்றுக்கட்டி வரும் ஆபத்து அதிகம். ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லாத அனிரிடியாவோடு ஒரு குழந்தை பிறந்தால், கண் மருத்துவரோடு நிறுத்திவிடாதீர்கள். மரபணுப் பரிசோதனை உடனே வேண்டும்; டபிள்யூடி-1உம் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தால், சிறுநீரக ஸ்கேனைத் தவறாமல் எடுத்துவர வேண்டும்.