உருண்டைக்கு ஒரு புளியங்கிளை

வணக்கம் மக்களே. திருவையாற்றிலிருந்து பேசுகிறேன். பின்னால் உறுமுவது பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவன்தான் உருண்டை. பால் பைத்தான் (ball python) என்கிற மலைப்பாம்பு, ஆப்பிரிக்க இனம். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுவிடுவான், அதனால் அந்தப் பெயர். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வளர்க்கிறேன். வயலில் ஓடுகிற சாரையைப் பிடித்துத் தொட்டியில் விடலாமே என்று யாராவது நினைத்தால் அது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது பாட்டுக்கு வயலில் எலி பிடிக்கட்டும்.

சரி, கிளைக்கு வருவோம். முன்பு இவன் கண்ணாடித் தொட்டியில் பிளாஸ்டிக் கிளைதான் வைத்திருந்தேன். தோல் உரிக்கும் நேரத்தில் பாம்பு மூக்கை உரசச் சொரசொரப்பான இடம் தேடும். பிளாஸ்டிக்கில் வழுக்கி வழுக்கி, தோல் துண்டு துண்டாகத்தான் வரும். கொல்லைப் புளியமரத்தில் கம்பியை உரசிய கிளையை வெட்டினார்கள், அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பைன் கட்டை வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. வாய்க்காலில் மிதந்து வருவதையும் தொடாதீர்கள், எந்த வயல் மருந்து ஊறியிருக்குமோ!

கிளையைத் தேய்த்துக் கழுவி, நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆச்சி வந்து பார்த்து, "பாம்புக்குக் கஷாயமாடா?" என்றார். அப்புறம் ஒரு வாரம் மொட்டைமாடி வெயில்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். முதல் தடவை கிளையைத் தென்னை நார்த்தூள் மேலேயே வைத்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தடால் என்று சத்தம். உருண்டை அடியில் பள்ளம் பறித்திருக்கிறான், கிளை சாய்ந்து கண்ணாடியில் நிற்கிறது. அவன் நாலு விரல் தள்ளிச் சுருண்டு கிடந்தான். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. இப்போது பாருங்கள், கடப்பைக் கல்லில் துளை போட்டு, அடியிலிருந்து ஸ்குரூ முடுக்கியிருக்கிறேன். கல் தொட்டியின் தரையில், தூள் அதற்கு மேலே. அசைத்துக் காட்டவா? ம்ஹும், நகராது.

நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

செடி இரண்டே இரண்டு: மணி பிளாண்ட், மருள் (ஸ்நேக் பிளாண்ட்). நர்சரிச் செடியில் மருந்து அடித்திருப்பார்கள். அந்த மண்ணை உதறி, வேரைக் கழுவி, ஒரு மாதம் வெளியே வைத்த பிறகுதான் உள்ளே விட்டேன். சட்டியோடுதான் புதைத்திருக்கிறேன், ஒன்று நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். மருள் விறைப்பாக நிற்கும், இவன் ஏறிப் படுத்தாலும் தாங்குகிறது. மணி பிளாண்டைப் பாதி நாசம் செய்துவிட்டான், ஆனால் மிச்சம் இருக்கிற இலைக்கடியில்தான் பகல் முழுக்கப் படுக்கை. தாழை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாழம்பூவுக்குப் பாம்பு வரும் என்பது இருக்கட்டும், அந்த இலை ஓரத்து முள்ளைத் தடவிப் பாருங்கள்.

போன வாரம் உரித்த சட்டை இதோ, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டு. கண் மேல் இருக்கிற இரண்டு வட்டச் செதிலும் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இரண்டும் இருக்கிறது.

பாம்பு வராமலிருக்க ஆச்சி வாசலில் சிறியாநங்கை நட்டிருக்கிறார். இவன் போன மாதம்கூட அதைத் தாண்டித்தான் டாக்டரிடம் போய்வந்தான்.